வெட்டு எந்தப் பக்கம் சாயும்? – அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நீ அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். விடியாத இருட்டு, நெற்றி விளக்கோடு ஒரு பெண், ரப்பர்ப் பால்மரம், கீழே பால் பிடிக்கும் மங்கு. முகம் உயிரோடு இருக்கிறது. ஆனால் வெட்டு தப்பு. மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கமாக இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். நீ மறுபக்கம் சாய்த்துவிட்டாய்.

இந்தப் படத்தை நீ கொடுக்கப்போவது ஆயுசில் பாதியை மரம் வெட்டியே கழித்த ஒரு பாட்டியிடம். அவர் கண் நேராக வெட்டுக்குத்தான் போகும். அது தப்பாக இருந்தால், இந்தப் பிள்ளைக்கு நம் பாடு தெரியாது என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டிவிடுவார். பிறகு நீ ஆண்டவரைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் காதில் ஏறாது. முன்பின் தெரியாதவர்களிடம் ஓவியத்தோடு போய் விசுவாசத்தைப் பகிர்வது எப்படி என்று டிப்ஸ் கேட்டிருந்தாய். என் முதல் டிப்ஸ் இந்த வெட்டுதான். அவர்கள் வாழ்க்கையைச் சரியாக வரையக் கற்றுக்கொள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை கோலகங்சாருக்குப் போ. 1877இல் அங்கே நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. உட்கார்ந்து அதன் பட்டையை வரைந்து பழகு.

அடுத்தது, கேட்டு வரைவது. இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுங்கை சிப்புட், பத்துகாஜா, ஈப்போ என்று எந்த ஊர்த் தாமானுக்குப் போனாலும் தோட்டத்தை விட்டு வந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பிறந்த லயம் இன்று செம்பனைக்குள் மறைந்திருக்கும், இல்லையென்றால் வீடமைப்புத் திட்டமாகியிருக்கும். பலரிடம் ஒரு போட்டோகூட கிடையாது. ஒரு நோட்டு, 2பி பென்சில், அழிரப்பர் மட்டும் எடுத்துக்கொண்டு போ. "தோட்டம் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சும்மா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "உங்க வீட்டு வாசல்ல நின்னா முன்னாடி என்ன தெரியும் பாட்டி?" என்று கேள். கை தானாக நீளும். தண்ணீர்க் குழாய் அங்கே, ஆயாக் கொட்டகை இங்கே, பெரட்டுக் களத்துக்குப் போகிற செம்மண் பாதை, கிராணி வீட்டு வேலி. நீ வரைய வரைய அவர் திருத்துவார். "மாமரம் இன்னும் கொஞ்சம் தள்ளி." அழித்துவிட்டுத் தள்ளிப் போடு. பென்சில் எடுத்துப்போகச் சொன்னது அதற்காகத்தான்; பேனாவால் வரைந்தால் திருத்தச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

வரையும்போது மாரியம்மன் கோயில் நிச்சயம் வரும். அதை ஓரத்தில் சின்னதாகப் போட்டு ஒதுக்கிவிடாதே. தோட்டத்தில் ஜெபக்கூடம் ஒன்றும் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே கவனத்தோடு வரை. பத்துகாஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போயிருக்கிறாய் அல்லவா? அருகே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகை கட்டுமான வேலையின்போது ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் வில்லியம் கெல்லி ஸ்மித் அந்தக் கோயிலைக் கட்டிக்கொடுத்தார். அந்த மக்களின் துக்கமும் ஆறுதலும் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன. அதை மதிக்காத கையிலிருந்து சிலுவைப் படத்தை யார் வாங்குவார்கள்?

எனக்கு இது நோகாமல் வந்த பாடம் இல்லை. வாலிப நாட்களில் ஒரு பள்ளி விடுமுறையில், குழந்தைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்டும் மேசை ஒன்று போட்டிருந்தோம். ஒரு சின்னப் பெண் பட்டாம்பூச்சி கேட்டாள். போட்டுவிட்டு, மற்றக் கன்னத்தில் ஒரு சிலுவையும் போட்டேன். அவளைக் கேட்கவில்லை, அவள் அம்மாவையும் கேட்கவில்லை. அம்மா வந்தார். கைக்குட்டையை நனைத்து, பட்டாம்பூச்சியை அப்படியே விட்டுவிட்டு, சிலுவையை மட்டும் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அந்தப் பிள்ளைக்குத் திருநீறு இட்டு அனுப்பிய கை அது. நான் செய்தது சாட்சி இல்லை, திருட்டு. அன்றிலிருந்து பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரைக் கேட்காமல் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் முடிவு செய்வார் என்று நம் மலேசிய அரசியலமைப்பின் 12ஆம் பிரிவும் சொல்கிறது.

சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். 11ஆம் பிரிவு நம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. பேராக்கில் அப்படிப்பட்ட சட்டம் 1988இல் வந்தது. அதனால் பசார் மாலாமிலும் கடைத்தெருவிலும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வசன அட்டை நீட்டாதே. மலாய்க்கார அண்டைவீட்டாருக்குப் பலகாரம் கொடு, பூ வரைந்த வாழ்த்து அட்டை கொடு, அதோடு நிறுத்திக்கொள். இந்த விஷயத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல இடம் வைக்காதே. உன் அவசரத்துக்குச் சபை முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுவரோவியம் போடலாமா என்று கேட்டிருந்தாய். கட்டட உரிமையாளர், மாநகர் மன்றம் இருவரின் அனுமதியும் இல்லாமல் தூரிகையைத் தொடாதே. ஆனால் 2014இல் எர்னஸ்ட் சக்கரேவிச் ஈப்போ பழைய பட்டணத்தில் வரைந்த சுவர்களைப் போய்ப் பார். காப்பிக் கோப்பையோடு ஒரு கிழவர். படத்துக்குள் விளக்கம் எதுவும் இல்லை. ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். நீ படம் வரைந்து கீழே வசனமும் எழுதி அம்புக்குறியும் போட்டால், பார்ப்பவருக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சாது. அவர் கேட்கட்டும். கேட்காவிட்டாலும் படம் படமாகவே நல்லதாக இருக்க வேண்டும்.

நம் கலையை ஆண்டவருக்கு எடுப்பது சரியா என்று சபையில் சிலர் தயங்குவார்கள். அவர்களுக்குத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைச் சொல். 1774இல் பிறந்தவர், சரபோஜி மன்னர் காலத்தவர். ஊருக்குத் தெரிந்த குறவஞ்சியை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். நம் நாட்டிலேயே ஹன்னா செரியன் வர்கீஸ் இருந்தார், 2009இல் மறைந்தார். பத்தேக்கில் இயேசுவின் வாழ்க்கையைத் தீட்டினார். பத்தேக் இந்த மண்ணின் கலை. அந்தத் துணியில் பெத்லகேமைப் பார்க்கிற மலேசியருக்கு அது தூரத்து ஊராகத் தெரியாது.

கோலமும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு உன் வாசலில் நட்சத்திரக் கோலம் போடு. ஏழு புள்ளி வைத்து, நான்கில் முடிகிற இடுக்குப் புள்ளியாகப் போட்டால் ஆறுமுனை நட்சத்திரம் சரியாக வரும். ஒன்று கவனி: பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்து "முருகன் நட்சத்திரமாச்சே!" என்பார். முகத்தைச் சுளிக்காதே, உடனே திருத்தவும் போகாதே. அவர் கண்ணுக்கு அது சரவணபவ. "அப்படியாக்கா, உங்க வீட்டுல எப்ப போடுவீங்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிடு. உன் நட்சத்திரத்தின் கதை அப்புறம் தானாக வரும். பச்சரிசி மாவிலேயே போடு, எறும்பு தின்னட்டும்.

இனி கிறிஸ்துமஸ் குடில் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மை இந்த வருஷம் வேண்டாம். தோட்டத்து மண்ணைக் கொண்டு செய். ரப்பர் கொட்டையைப் பொறுக்கி வந்து பாதை போடு. அந்தப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் ஐம்பது வயது அண்ணன்கள்கூட ஒன்றை எடுத்துத் தரையில் தேய்த்துச் சூடு பார்ப்பார்கள், நீயே பாரேன். பழைய மங்கு கிடைத்தால் அதற்குள் வைக்கோல் வைத்துப் பாலனைப் படுக்கவை. லூக்கா எழுதிய மேய்ப்பர்கள் இராத்திரி வேலைக்காரர்கள். பால் வெட்டுபவர்களும் விடியுமுன் எழுந்தவர்கள், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால். ஆகவே மேய்ப்பர் நடுவே நெற்றி விளக்கோடு ஒரு பெண்ணை நிறுத்து. உன் படத்தில் இருக்கிற அதே பெண். நல்ல செய்தி முதலில் யாரிடம் போனது என்று அந்தப் பாட்டி தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்ன ஆள் தேடுகிறீர்களே, திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிற தாத்தாவிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஓலை மடிப்பதில் அவரை மிஞ்ச நம் வாலிபர் ஐக்கியத்தில் ஆள் இல்லை. கொடுக்கப் போகிறவர்களாகவே எங்கேயும் போக வேண்டாம். கற்க வந்த பிள்ளையை யாரும் வாசலில் நிறுத்திவைப்பதில்லை. அதேபோல் பரிசுப் பொட்டலத்துக்குப் புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்தில் முறுக்கும் கடலையும் வாங்கு. எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வறுத்துப் பேர் வாங்கிய இடம். நீ செய்ய வேண்டியது கூம்பு மட்டும்: வெள்ளைத் தாளில் வீட்டுக்காரர் பெயரை அழகாக எழுதி, அவர் வீட்டு முன்னால் இருக்கிற செடியை வரை. செம்பருத்தியா, கறிவேப்பிலையா என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வைத்துக்கொள்.

"ஏம்மா இதெல்லாம் செய்யற?" என்று ஒருநாள் கேட்பார்கள். அன்றைக்கு என்ன சொல்வது? இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதே. உன் கதையைச் சொல். அப்பா வேலை இழந்த வருஷம், நீ அழுத இராத்திரிகள், யார் வந்து உட்கார்ந்தார்கள், எப்படி ஜெபிக்கக் கற்றுக்கொண்டாய். "உங்களுக்கும் இது வேண்டும்" என்று முடிக்காதே. அவர் மேலும் கேட்டால் மேலும் சொல். கேட்காமல் "காப்பி குடிக்கிறியாம்மா?" என்றால் குடி.

நான் இதை நம்பிச் செய்கிறேன், தங்கச்சி. என் ஆண்டவரை அந்தப் பாட்டி அறிய வேண்டும் என்று ஏங்கித்தான் படம் வரைகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் ஜெபக்கூடத்துப் பக்கமே வராமல் போனாலும் அந்தப் படம் அவருக்கு உரியது, திரும்பப் பேச்செடுக்காதே.

கடைசியாகக் கைவேலை: வெட்டைத் திருத்தியதும் படத்தை ஸ்கேன் செய்து ஒரு நகல் வைத்துக்கொள். அசலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடு, ஈப்போ மழைக்காலத்தில் வெறும் தாள் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். மாட்ட ஓர் ஆணியும் சுத்தியலும் பையில் இருக்கட்டும். பாட்டி வீட்டில் தேடவைக்காதே.