குழாய் வளைவில் எழும் விசை

கேள்வி: குழாய் வளைவில் நீர் செலுத்தும் விசையைக் கணக்கிட்டால், என் விடை புத்தகத்து விடையில் நூற்றில் ஒரு பங்குகூட வருவதில்லையே, ஏன்? (ஒரு மாணவர், ஹைதராபாத்)

பதில்: 1908-ல் மூசி நதி பெருக்கெடுத்துத் தங்கள் நகரைப் பாழாக்கிய பின், பொறியாளர் விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி எழுந்து 1920-ல் பூர்த்தியான உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம், வெள்ளத்தைத் தடுத்ததோடு நெடுங்காலம் நகருக்குக் குடிநீரும் வழங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய நீர்த்தேக்கத்தின் உயரத்திலிருந்து நகருக்கு இறங்கும் குழாயொன்றை மனத்தில் கொள்வோம். விட்டம் 30 சென்டிமீட்டர், வேகம் வினாடிக்கு 2 மீட்டர், வளைவு செங்கோணம், அழுத்தம் 30 மீட்டர் நீருயரத்துக்குச் சமம்.

நீர் திசை திரும்புவதால் உண்டாகும் உந்த மாற்ற வீதம் திசையொன்றுக்கு 283 நியூட்டன்தான். தாங்கள் இத்துடன் பேனாவை மூடிவிடுகிறீர்கள் என்பது என் ஊகம். அழுத்தமோ, அதே குறுக்குப் பரப்பில், சுமார் 20,800 நியூட்டன் விசையோடு தள்ளிக்கொண்டு நிற்கிறது! இரண்டையும் கூட்டி, செங்கோணத்திலுள்ள இரு கூறுகளையும் பிதாகரஸ் முறைப்படி சேர்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 29,800 நியூட்டன், அதாவது 3 டன் எடை. குழாய் பதிப்போர் வளைவின் வெளிப்புறத்தில் பெரிய கான்கிரீட் கட்டையை வார்ப்பது இந்த 3 டன்னுக்கு அஞ்சியே. இல்லையேல் இணைப்பு பிதுங்கிக் கழன்றுவிடும்.

வளைவிலேயே குழாய் குறுகினால், விட்டம் பாதியாகுமிடத்தில் வேகம் நான்கு மடங்காகி அழுத்தம் தாழுமாதலால், இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிடுக. வளிமண்டல அழுத்தத்தை மட்டும் சேர்க்க வேண்டாம். அது வெளியிலிருந்தும் குழாயை அழுத்திக்கொண்டே இருக்கிறது.