ஓய்வு வயது: ஒரு வகுப்பறை விவாதம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் பாடவேளையில் கரும்பலகையில் 58, 59, 60 என்று எழுதினேன். தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆக அறிவிக்கப்பட்டது. "இது சரியா? வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன்.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள். "எங்களுக்கு யாரு ரிட்டயர்மென்ட் குடுக்கறாங்க?" என்று ஒரு கட்டிங் மாஸ்டர் எழுதி அனுப்பியிருந்தார். இன்னொரு தாளில், பி.எட். முடித்து, டெட் தேர்ச்சியும் பெற்று, செக்கிங் வேலை பார்க்கும் அண்ணனின் பதில்: "அவங்களுக்கு ரெண்டு வருசம் கூடினா, எனக்கு ரெண்டு வருசம் தள்ளிப்போகுது." அதைப் படித்ததும் வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்கு வயது 46. அந்த இரண்டு ஆண்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று ஒப்புக்கொண்டேன். மறைத்தால் விவாதம் அங்கேயே செத்துவிடும்.

பிறகு உலக வரைபடத்தை மாட்டினேன். வயதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு அனுப்புவதை அமெரிக்கா 1986இல் பெரும்பாலான பணிகளில் தடுத்தது. பிரிட்டன் 65 வயதுக் கட்டாய ஓய்வை 2011இல் கைவிட்டது. ஜப்பானில் 60இல் ஓய்வு தரலாம். ஆனால் விரும்புவோருக்கு 65 வரை வேலைக்கு வழிசெய்ய வேண்டும். பிரான்சிலோ 2023இல் வயதை 62இலிருந்து 64 ஆக்கியதற்கு லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர்.

"வேலை செய்ய விட்டா சந்தோசம்தானே சார், ஏன் சண்டை?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. கட்டாய ஓய்வு வயது வேறு, ஓய்வூதியம் தொடங்கும் வயது வேறு. பிரான்சில் உயர்ந்தது இரண்டாவது. (ஆசிரியர்களான நாமே இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.) உள்ளூர் உதாரணம் சொன்னதும் புரிந்தது: பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் பத்து ஆண்டு பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்.

"எங்க அம்மிச்சிக்கு 64. பி.எஃப். இல்லை. பிசிறு வெட்டப் போகுது" என்றாள் அவள். "நிக்கச் சொன்னாலும் நிக்காது சார். நின்னா மாத்திரைக்குக் காசு?"

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் தாள்களில் பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். வருமானத்தை வகுப்பில் உரக்கக் கேட்கவும் வேண்டாம். 'எந்த வயதில் நிறுத்த விருப்பம்?', 'எந்த வயதில் நிறுத்த முடியும்?' என இரண்டு கட்டங்கள் போதும். எங்கள் வகுப்பில் இரண்டாவது கட்டத்தைச் சிலர் காலியாகவே விட்டிருந்தார்கள்.