மூன்று எண்களும் ஓர் ஆய்வாளரும்

அன்பு மருமகளுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கருப் பௌதிகவியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறாய். அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கை, சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ் மூன்றையும் எழுதி, "இவர் பெரிய ஆளா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மூன்று எண்களை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

ஒரு கட்டுரையைப் பின்னால் வரும் இன்னொரு கட்டுரை பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். 1964இல் யூஜின் கார்ஃபீல்ட் இவற்றைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடுபவருக்கு வழிகாட்டத்தான் அந்தத் தொகுப்பு பிறந்தது; ஆளை நிறுப்பதற்கு அல்ல. எச்-இன்டெக்ஸை 2005இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை குறிப்பிடப்பட்டு, 21 கட்டுரைகள் 21 தடவையை எட்டாவிட்டால், அவருடைய எச் 20.

நீ மதரஸாவில் இஸ்னாது என்னும் அறிவிப்பாளர் சங்கிலியைப் படித்தவள். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸை நினைத்துப் பார். உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் என்று படிக்கு ஒருவராகவே அது வருகிறது. யஹ்யாவுக்குப் பிறகுதான் பலர் அறிவிக்கிறார்கள். ஹதீஸ் அறிஞர்களான முஹத்திஸ்கள் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். சைட்டேஷனையும் அந்தக் கண்ணோடு பார். யார் குறிப்பிட்டார், எதற்காகக் குறிப்பிட்டார்? பிழை என்று காட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும் கணக்கில் ஒன்று கூடும். தன் கட்டுரையைத் தானே குறிப்பிட்டாலும் கூடும்.

பௌதிகவியலாளர் ஸ்டீவன் வைன்பேர்க் 1967இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையை முதல் சில ஆண்டுகள் அநேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1971க்குப் பிறகு நிலை மாறியது. 1979இல் அப்துஸ் ஸலாம், கிளாஷோ இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரையைக் குப்பையில் போட்டிருப்போம்.

நம் நாட்டு மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகத்தான் நீ அறிவாய். அதற்கு முன் அவர் புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளராக இருந்தவர். பலாங்கொடைப் பக்கம் இரத்தினக்கல் சரளையில் கிடைத்த, பாரமான கருங்கனிமம் ஒன்றை 1904இல் விவரித்தார். அதை யுரேனினைட் என்று எண்ணினார். வின்ட்ஹாம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்து, தோரியம் நிறைந்த புதிய கனிமம் அது என்று கண்டு, தோரியனைட் என்று பெயர் வைத்தார். அந்த இலங்கைக் கனிமத்திலிருந்து எடுத்த உப்பு லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே 1905இல் ஓர் இளம் ஜேர்மன் இரசாயனவியலாளர் அதிலிருந்து ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம். அமெரிக்க இரசாயனவியலாளர் போல்ட்வூட் அதை நம்பவில்லை, கேலி செய்தார். அந்த இளைஞர் மொன்றியலுக்குப் போய் ரதபோர்டின் கீழ் வேலை செய்து, தன் முடிவை ஏற்கவைத்தார். அவர்தான் ஒட்டோ ஹான். 1938 டிசம்பரில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியக் கருப்பிளவின் இரசாயனச் சான்றைக் கண்டவர்.

தோரியம்-228 பற்றி எழுதுகிறவர்கள் இன்று குமாரசுவாமியின் அறிக்கையைக் குறிப்பிடுவது அரிது. எண்ணிப் பார்த்தால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். ஆனாலும் அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பது அவருடைய கவனமான கண்.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழுள்ள ஆசிரியர் பெயர்களையும் அப்படியே நம்பிவிடாதே. ஹானோடு முப்பது வருடம் உழைத்த லீசே மைட்னர் 1938 ஜூலையில் நாசிகளிடமிருந்து தப்பி ஓடவேண்டியிருந்தது. அந்தச் சான்றை அறிவித்து 1939 ஜனவரியில் வந்த கட்டுரையில் அவர் பெயர் இல்லை. நடந்தது கருப்பிளவு என்பதைப் பௌதிக முறையில் விளக்கியவர்கள் அவரும் ஒட்டோ ஃபிரிஷும்தான். 1944க்கான நோபல் பரிசோ ஹானுக்கு மட்டும் போனது. இது பெரிய அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இதற்கு மறுபக்கமாக, ஹிக்ஸ் துணிக்கையின் திணிவு பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரையில் 5154 பெயர்கள். அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு சைட்டேஷனும் அத்தனை பேருடைய கணக்கிலும் ஏறும்.

ஆகையால் நீ கேட்ட ஆய்வாளரின் கட்டுரை ஒன்றைத் தேடியெடு. சம்மாந்துறையிலிருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கேட்டால் உதவுவார்கள். எதை அளந்தார், எப்படி அளந்தார், வழு எவ்வளவு என்று பார். பிறகு அதைக் குறிப்பிட்ட இரண்டு பேர் என்ன சொன்னார்கள் என்று படி.

புல்மோட்டை மணலிலும் பேருவளைக் கரையிலும் மொனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நம் கரை மணலின் கதிர்த்தொழிற்பாட்டை ஒருவர் நேர்மையாக அளந்து எழுதினால், உலகில் அதைக் குறிப்பிடப் பத்துப் பேர்கூட இல்லாமல் போகலாம். அவரைச் சின்ன ஆள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

உன் மாமா