டானோலிக்குக் கூடிய கூட்டம்



இங்கிலாந்தில் நடக்கும் செல்டனம் பந்தய விழாவின் பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. "காசு ஜெயித்தவன் கூச்சல் போடுகிறான், இதில் கொண்டாட்டம் என்ன இருக்கிறது ஐயா?" என்று கேட்டிருந்தாய். குதிரைப் பந்தயம் என்றதும் கடனும், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த கதையும்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதையே அளவுகோலாகக் கையில் பிடித்துக்கொண்டு அயர்லாந்தின் தடை தாண்டும் பந்தயத்தை அளக்கக் கிளம்பாதே.

பட்டவண்ட் கோயில் கோபுரத்திலிருந்து டோனரைல் கோபுரம் வரை 1752-இல் இரண்டு பேர் போட்டி போட்டுக் குதிரை ஓட்டியதில் இந்தப் பந்தயம் பிறந்ததாகச் சொல்லப்படும் கதையை உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நேராக 2002-க்கு வருகிறேன். இஸ்தாப்ராக் என்ற குதிரை 1998 முதல் 2000 வரை தொடர்ந்து மூன்று முறை செல்டனத்தில் சாம்பியன் ஹர்டிலை வென்றிருந்தது. 2001-இல் கோமாரி நோயால் விழாவே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு அது திரும்பி வந்தபோது அதற்குப் பத்து வயது. கூட்டம் அதன்மேல்தான் பணம் கட்டியிருந்தது. இரண்டு தடைகளைத் தாண்டியதும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்த ஜாக்கி சார்லி ஸ்வான், கடிவாளத்தை இழுத்து அதை நிறுத்திவிட்டார். கட்டிய பணம் போயிற்று. அந்தக் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது. பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நின்றுவிட்ட குதிரைக்காகக் கை தட்டியது. காசுக்காக மட்டும் வந்தவன் அப்படிச் செய்வானா என்று யோசித்துப் பார்.

இதற்குக் காரணமாக நான் வெகுநாளாகச் சொல்லிவருவது ஒன்று உண்டு. தடை தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. அவற்றுக்கு வாரிசு கிடையாது, ஆகவே பொலிகுதிரை என்ற விலையும் கிடையாது. சமதளப் பந்தயத்தில் வெல்லும் ஆண் குதிரையோ பல நேரம் மூன்று வயதிலேயே பண்ணைக்குப் போய்விடும். இஸ்தாப்ராக்கையும் கலிலியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டுக்கும் தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ். இரண்டையும் பழக்கியவர் எய்டன் ஓ'பிரையன். கலிலியோ 2001-இல் டெர்பியை வென்றது, அதே ஆண்டு ஓட்டத்தை நிறுத்திப் பண்ணைக்குப் போனது, உலகமெங்கும் குட்டிகளின் விலையாக மாறியது. இஸ்தாப்ராக் பத்து வயது வரை குளிர்காலம்தோறும் சேற்றில் ஓடியது. ஒரு குதிரையை ஆண்டுக்கணக்காக ஒரே திடலில் பார்த்துவந்த மக்கள் அதை வேறு எப்படி நினைப்பார்கள்? 1960-களில் ஆர்க்கிள் என்ற குதிரைக்கு, அதன் பெயரையும் 'அயர்லாந்து' என்பதையும் மட்டுமே முகவரியாக எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. மற்றக் குதிரைகள் சுமக்கும் எடைக்கு, அது ஓடினால் ஒரு கணக்கு, ஓடாவிட்டால் இன்னொன்று என்று அங்கே விதியையே மாற்ற வேண்டியிருந்தது. பணக்காரர்களின் விளையாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே கோணியில் கட்டிவிடுகிற சமூகவியல் கட்டுரையாளர்கள் இந்தக் காயடிப்பு விஷயத்தைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

இப்போது டானோலி என்ற குதிரைக்கு வருகிறேன். கார்லோ மாவட்டத்தில் டாம் ஃபோலி ஒரு சிறு விவசாயி, கூடவே சில குதிரைகளையும் பழக்கிவந்தார். அவற்றில் ஒன்றான டானோலியின் சொந்தக்காரர் டான் ஓ'நீல். அவர் எலும்பு வைத்தியர், நம் புத்தூர்க் கட்டுக்காரர்களைப் போலக் கைப்பழக்கத்தால் மூட்டையும் முறிவையும் சரிசெய்பவர். தன் பெயரின் 'டான்', மகள் ஒலிவியாவின் பெயரின் முதல் பாதி, இரண்டையும் சேர்த்துக் குதிரைக்குப் பெயர் வைத்தார். 1989 செல்டனத்தில் அயர்லாந்துக்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அந்த வடு முழுதாக ஆறாத நேரத்தில், 1994-இல், அந்த நாட்டின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு குதிரைமேல் ஏறி உட்கார்ந்தது. பெரிய பயிற்சியாளர்கள் ஹோட்டல்களில் தங்குகிற அந்த விழாவில் ஃபோலி குதிரைக்காரப் பையன்களின் விடுதியிலேயே தங்கினார், குதிரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. டானோலி வென்றது. ஃபோலியைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தை நீ ஒருமுறையாவது கேட்க வேண்டும். அங்கே கத்தியவர்களில் பலருக்கு, தங்கள் பக்கத்து வயல்காரர் உள்ளே வந்து ஜெயித்ததாகத்தான் தோன்றியது. மக்களின் குதிரை என்று அதற்குப் பெயர் வந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. 1995-இல் எயின்ட்ரீயில் ஹர்டில் பந்தயத்தை வென்ற அதே ஓட்டத்தில் டானோலியின் கால் எலும்பு முறிந்தது. எலும்பு வைத்தியரின் குதிரை! லிவர்பூல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் திருகாணி வைத்துச் சேர்த்தார்கள். நலம் பெற வாழ்த்தும் அட்டைகள் குவிந்தன. இனி ஓடாது என்று நினைத்தவர்களுக்கு நடுவே, 1997-இல் லெப்பர்ட்ஸ்டவுனில் அது ஹென்னஸி தங்கக் கோப்பையை வென்றது. அன்று கூட்டம் அழுதது, தம்பி. பந்தயச் சீட்டை வைத்துக்கொண்டு அழுதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிடாதே.

இந்த வகை மனிதர்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு பழைய கதைப் புத்தகம். சோமர்வில், ராஸ் என்ற பெயர்களில் எழுதிய இரண்டு ஐரிஷ் பெண்கள், உறவினர்கள், 1899-இல் வெளியிட்ட நீதிபதிக் கதைகள். அயர்லாந்துக்கு வேலைக்கு வந்த ஒரு நீதிபதியைச் சுற்றிக் குதிரை பேரமும் வேட்டையும் நடந்துகொண்டே இருக்கும். குதிரையை முன்வைத்து அந்தஸ்து மறைந்துபோகும் இடங்களை அதில் கவனி. நிலப்பிரபுவும் குத்தகைக்காரனும் ஒரே வேலிக்கு முன்னால் ஒரே பயத்தோடு நிற்பார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான், கொரியப் போரில் ஒரு காலை இழந்த முன்னாள் ராணுவ அதிகாரி ஃபெர்கி சதர்லண்ட் கார்க் மாவட்டத்தில் பழக்கிய இம்பீரியல் கால் என்ற குதிரை 1996-இல் செல்டனம் தங்கக் கோப்பையை வென்றபோது, அவரைச் சுற்றி அத்தனை பேர் கூடினார்கள். செல்டனம் போகும் ஐரிஷ் குதிரைகளுக்கு ஆசி வழங்கிய ஷான் பிரீன் என்ற பாதிரியாரை அங்கே எல்லோருக்கும் தெரியும். 1999-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை பாபிஜோ என்ற குதிரையின்மேல் வென்ற பால் கார்பெரி, வெற்றி முற்றத்துக்கு வந்ததும் கூரையின் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கி ஆடினார். அயர்லாந்துக்கு அந்தக் கோப்பை 24 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்திருந்தது. குதிரையைப் பழக்கியவர் அவருடைய தந்தை டாமி. 1975-இல் லெஸ்கார்கோவின்மேல் கடைசியாக அதை வென்றவரும் அவரேதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த விளையாட்டில் குதிரைகள் சாகின்றன. சாம்பியன் ஹர்டில், தங்கக் கோப்பை இரண்டையும் வென்ற ஒரே குதிரையான டான் ரன், தங்கக் கோப்பை வென்ற அதே 1986-இல் பாரிஸில் ஓடும்போது விழுந்து இறந்தது. கொண்டாட்டத்தை மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிறவன் எழுத்தை நம்பாதே. இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. இன்று பெரும் பந்தயங்கள் சில பெரிய லாயங்களுக்குள் சுருங்கிவருகின்றன. 2025-இல் மகன் பேட்ரிக், நிக் ராக்கெட்டின்மேல் கிராண்ட் நேஷனலை வென்றபோது, அப்படியொரு பெரிய லாயத்தின் பயிற்சியாளரான வில்லி மல்லின்ஸ் கண்ணீர் விட்டார். அது உண்மையான கண்ணீர். ஆனால் முதல் மூன்று இடங்களுமே அவர் லாயத்துக்குப் போன பந்தயம் அது. ஃபோலியைப் போன்ற ஒருவருக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே போகிறது. அந்த இடம் போனால், இது நம் குதிரை என்று சொல்லும் கூட்டத்தின் உரிமையும் போய்விடும்.

அடுத்த கடிதம் எழுதுவதற்குமுன் ஒரு வேலை செய். டான் ரன் வென்ற 1986 தங்கக் கோப்பை ஒளிப்பதிவைத் தேடிப் பார். அது பெட்டைக்குதிரை, என் காயடிப்புக் கணக்குக்கு வெளியே நிற்பது. இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். அதன் சொந்தக்காரர் சார்மியன் ஹில் அறுபது வயதைத் தாண்டியபின்னும் அதன் ஆரம்ப ஓட்டங்களில் தாமே ஏறி ஓட்டியவர். பயிற்சியாளரின் மகன் டோனி மல்லின்ஸ் அதன்மேல் எத்தனையோ முறை வென்றும், அன்று சேணம் ஜாஞ்ஜோ ஓ'நீலுக்குத்தான் கொடுக்கப்பட்டது. பந்தயம் முடிந்ததும் நிறுத்திவிடாதே. ஜனங்கள் வெற்றி முற்றத்துக்குள் பாய்வதையும், வென்ற ஓ'நீல் அந்த டோனியைத் தோளில் தூக்குவதையும் பார்த்துவிட்டு, உன் கேள்வியை மறுபடியும் எழுதி அனுப்பு.