வலையமைப்பிற் கோப்புப் பகிர்வு

ஊவா மலைநாட்டிற் பிறந்தோர்க்கு 'ஏற்றுமதி' என்னுஞ் சொல் புதிதன்று. புகையிரதப் பாதை 1924இல் பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தை நோக்கி இறங்கிய வழிகளுள் அதுவும் ஒன்று. கணினி வல்லுநரோ அச்சொல்லை வேறொரு பொருளில் வழங்குவர். கப்பலேறிய தேயிலை மீளாது; இங்கு ஏற்றுமதியாகும் கோப்புறை இருந்த இடத்தைவிட்டு அசையாது. சேவையகத்திலுள்ள கோப்புகளைப் பிற கணினிகள் தம்முடையனபோலத் திறந்து எழுத உரிமையளித்தலே 'எக்ஸ்போர்ட்' எனப்படும். என்.எஃப்.எஸ். என்னும் இம்முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984இல் ஆக்கினர். லினக்ஸ் சேவையகங்களில் இன்றும் அது வழக்கிலுள்ளது.

இருபது கணினிகளுள்ள தோட்டப்புறப் பாடசாலையொன்றை எண்ணிப் பாருங்கள். கடந்தகால வினாத்தாள்களை இருபதிலும் தனித்தனியே பிரதிசெய்தல் வீண் வேலை. சேவையகத்தின் 'ஈடிசி' கோப்புறையில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்றொரு சிறு கோப்பு உண்டு. அதன் ஒவ்வொரு வரியிலும் முதலில் பகிரப்படும் கோப்புறை. அடுத்து, பெறுங் கணினிகளின் முகவரி. அதனையொட்டி அடைப்புக்குறிக்குள் உரிமை. வினாத்தாள்களுக்கு 'ஆர்ஓ', அதாவது வாசிப்பு மாத்திரம். பயிற்சி வேலைகளுக்கு 'ஆர்டபிள்யூ', வாசிப்பும் எழுத்தும். முகவரியை 192.168.10.0/24 என்று எழுதின், அவ்வெல்லைக்குட்பட்ட கணினிகளே சேரும். பின்னர் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' என ஆணையிட்டால் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

இவ்வரியில் ஒரு வெற்றிடம் குடிகெடுக்கும். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே வெளிவிட்டால், எழுத்துரிமை குறித்த கணினிகளை விட்டு மற்றெல்லார்க்கும் போய்விடும். குறித்தவற்றுக்கு வாசிப்பே மிஞ்சும். யான் அமைத்த முதற் சேவையகத்தில் இதுவே நேர்ந்தது. கூடத்து மாணவர் ஓரெழுத்தும் எழுதவியலாது தவிக்க, அடுத்த கட்டிடத்துக் கணினியிலோ தடையின்றி எழுத முடிந்தது. அரைநாள் தேடினேன். ஆணையிட்டபோதே சேவையகம் எச்சரித்திருந்தது; யான்தான் அதனைப் படியாது கடந்தேன்.

இனி, பெரிதுங் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வழக்கமான அமைப்பில் சேவையகம் பயனரை ஆள்பார்த்து அறிவதில்லை. எதிர்க்கணினி சொல்லும் பயனர் இலக்கத்தை அப்படியே நம்புகிறது. கொழுந்து மடுவத்தில் முகத்தைப் பாராது இலக்கத்தை மாத்திரங் கேட்டு நிறை பதிந்தால், ஒருத்தி பறித்த கொழுந்து இன்னொருத்தி பெயரில் ஏறிவிடுமன்றோ? அதுபோலத் தன் சொந்த மடிக்கணினியைக் கூடத்தில் இணைக்கும் மாணவன் ஆசிரியரின் இலக்கத்தைப் பூண்டு வரக்கூடும். தலைமைப் பயனருக்கு மட்டும் 'ரூட் ஸ்குவாஷ்' என்னும் இயல்பான காவல் உண்டு. வெளியிலிருந்து அவ்வாறு வருபவனை அது யாருமற்றவனாக்கி நிறுத்தும். சோம்பலால் 'நோ ரூட் ஸ்குவாஷ்' என எழுதி அக்காவலை நீக்குவாருமுளர், அது தகாது. ஆகலின் பரீட்சைப் புள்ளிகளை இவ்வழியிற் பகிரலாகாது. பகிர்ந்தே ஆகவேண்டுமெனின், ஆளை உறுதிசெய்யும் கேர்பரோஸ் முறையையுஞ் சேர்த்தல் வேண்டும்.

மின்வெட்டையும் எண்ணுதல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாம் மறந்திலோம். 'ஏசிங்க்' என அமைத்தால், வட்டில் எழுதுமுன்பே சேவையகம் 'எழுதியாயிற்று' என்று விடையிறுக்கும். வேகம் மிகும், மின் அற்றால் மாணவனின் கட்டுரையும் அறும். இயல்பான 'சிங்க்' முறையே நமக்கு ஏற்றது. சேவையகம் மாத்திரம் அணைந்தால், 'ஹார்ட்' முறையில் இணைந்த கணினிகள் அது மீளும்வரை காத்திருந்து, விட்ட வேலையைத் தொடரும். திரை உறைந்ததெனக் கருதி மாணவர் கணினியை நிறுத்திவிடாதிருக்க ஆசிரியர் இதனை முன்னரே சொல்லிவைப்பது நன்று.