யுத்தத்திலிருந்து திரும்பியவரும் ஊராரின் கடமையும்

யுத்தத்தில் கையிழந்து வந்த சிப்பாயைக் கண்டால் ஊரார் வழிவிட்டு நிற்கின்றனர். காலிழந்து வந்தவருக்குத் திண்ணையில் இடந்தருகின்றனர். ஆனால் உடம்பில் ஒரு வடுவுமின்றித் திரும்பியவர் இரவில் உறக்கமின்றித் தெருவில் உலாவினால், “பட்டாளத்துக்குப் போய்க் கெட்டுவிட்டான்” என்கின்றனர். கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு இரக்கமும், தெரியாத காயத்துக்கு ஏளனமும் காட்டுவது அறியாமையின் விளைவேயாகும். அவ்வறியாமையை ஓரளவு நீக்கும்பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது. பஞ்சாயத்தாரும், சங்கக் காரியதரிசிகளும், உபாத்தியாயர்களும் இதனைப் படித்து, எழுத்தறியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார்களாக.

1. தவணை தவறிய ஓர் அங்கத்தினர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து ஐக்கிய நாணய சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தேன். கிணறு வெட்டக் கடன் வாங்கிய ஓர் அங்கத்தினர், முதல் தவணையை நாள் தவறாமல் செலுத்தியவர், அடுத்த இரண்டு தவணைகளையும் செலுத்தவில்லை. அவர் எல்லைப்புறச் சண்டையில் பணிபுரிந்து, விலகி வந்தவர். “குடிக்கிறார், எவருடனும் பேசுவதில்லை, களத்தில் கூலியாட்களுடன் சச்சரவிடுகிறார், ஜப்தி செய்வதே சரி” என்று பஞ்சாயத்தார் கூறினர். நானும் மேற்கொண்டு விசாரியாமல், “வேண்டுமென்றே தவறியவர்” என்று ஜாபிதாவில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அது தீபாவளிக்கு முந்திய வாரம். அன்று மாலை நான் பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில், தெருக்கோடியில் சிறுவர்கள் பட்டாசு கொளுத்தினர். எதிரே வந்துகொண்டிருந்த அந்த அங்கத்தினர், அருகில் நின்ற ஒரு குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, சுவரோரம் குப்புற விழுந்து, அதனைத் தம் உடலால் மூடிக்கொண்டார். கண்டவர்கள் நகைத்தனர். அவர் எழுந்து, குழந்தையின் மேலிருந்த புழுதியைத் தட்டிவிட்டு, எவர் முகத்தையும் பாராமல் வீட்டுக்குச் சென்றுவிட்டார். அவருடைய தாயார் என்னிடம் வந்து, “ஐயா, இரவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான். அந்தப் பெயருள்ளவர் நம் ஊரில் எவருமில்லை” என்றார். காலையில் நான் எழுதிய மூன்று சொற்களை நினைந்து வெட்கமுற்றேன். இந்நோயைப்பற்றி நான் தேடிப் படித்ததற்கு அந்த வெட்கமே காரணம்.

2. இந்நோய் அறியப்பட்ட வரலாறு

இது புதிய நோயன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஈடுபட்ட சிப்பாய்களிடம் படபடப்பும், மூச்சுத் திணறலும், களைப்பும் காணப்பட்டமையை டா கோஸ்டா என்ற வைத்தியர் 1871-இல் எழுதினார். அவர் அதனை இருதய நோயாகக் கருதினார். முதல் உலக யுத்தத்தின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் ‘லான்செட்’ பத்திரிகையில் ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயரைப் பயன்படுத்தி எழுதினார். குண்டு வெடிப்பதால் மூளை அதிர்ந்து இந்நிலை உண்டாகிறதென்று பலர் முதலில் எண்ணினர். ஆனால் குண்டுக்கு அருகில் ஒருபோதும் இல்லாதவர்களுக்கும் இது கண்டமையால், காயம் உள்ளத்திலும் இருக்கலாம் என்பது தெளிவாயிற்று.

அறிவு வருமுன் அநியாயமும் நேர்ந்தது. அந்த யுத்தத்தில் படையை விட்டோடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் சேனையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களிற் சிலரேனும் நோயுற்றவர்கள் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. வியட்நாம் யுத்தம் 1975-இல் முடிந்த பின், திரும்பியவர்களின் நிலையை ஆராய்ந்து, 1980-இல் அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் இதனை ஒரு தனி நோயாகத் தங்கள் நூலில் சேர்த்தனர். அதிர்ச்சிக்குப் பிந்திய மனவுளைச்சல் நோய் என்பது அதன் பெயர்.

நமது தேசத்திலிருந்து முதல் உலக யுத்தத்தில் சுமார் 13 லட்சம் பேர் பணிபுரிந்தனர்; 74,000 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் உலக யுத்தத்தில் 25 லட்சம் பேர் சேர்ந்தனர். சுமார் 87,000 பேர் மாண்டனர். மாண்டவர்களுக்குக் கல் நாட்டினோம். மீண்டு வந்தவர்களின் இரவுகளை எவரும் கணக்கெடுத்து எழுதவில்லை. பிரான்சில் இருந்த நம் சிப்பாய்கள் வீட்டுக்கு விடுத்த கடிதங்களை அதிகாரிகள் படித்துப் பார்ப்பது வழக்கமாதலால், கண்டதையெல்லாம் எழுதவும் அவர்களுக்கு வழியில்லாதிருந்தது. எழுதப்படாத கடிதங்களை அவர்கள் நெஞ்சிலே சுமந்து ஊர் திரும்பினர்.

3. நோயின் குறிகள்

கண்டது கனவில் மீண்டும் மீண்டும் வருதல், சிறு சப்தத்துக்கும் திடுக்கிடுதல், கூட்டத்தையும் சில இடங்களையும் தவிர்த்தல், அற்ப காரணத்துக்குப் பெருங்கோபம் கொள்ளுதல், மனைவி மக்களிடத்திலும் பற்றற்றவர்போல் இருத்தல், “அவன் மாண்டான், நான் ஏன் பிழைத்தேன்?” என்று தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்ளுதல், உறக்கத்துக்காகக் குடியை நாடுதல் ஆகியவை முக்கியமானவை. இவை திரும்பிய உடனேயும் தோன்றலாம். பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் தோன்றலாம்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கதிர் முற்றும் காலத்தில் பரண்மீது ஏறிய காவற்காரன் இரவெல்லாம் விழித்திருந்து, இலை அசைந்தாலும் எழுந்து கூவுகிறான். அது அவன் கடமை. அறுவடை முடிந்து, நெல் வீடு வந்த பிறகும் அவன் பரணைவிட்டு இறங்காவிட்டால் என்ன ஆகும்? உயிரைக் காக்க உள்ளம் ஏற்றுக்கொண்ட காவலே, யுத்தம் முடிந்த பின் உயிரை வாட்டுகிறது. இவ்வாறு வாடுபவரைக் கோழை என்பது, விழித்திருந்த காவற்காரனைச் சோம்பேறி என்பதற்கு ஒப்பாகும்.

4. நீலகிரிக்கு வந்த ஒரு வைத்தியர்

இந்நோயின் சிகிச்சையில் பெயர்பெற்ற டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்பவர், 1901-1902-இல் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களின் வமிசாவளிகளையும் வழக்கங்களையும் கேட்டறிந்து, 1906-இல் ஒரு பெருநூல் வெளியிட்டவர். பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் அப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்கு உதவியிருக்குமென்று எண்ணுதல் தவறாகாது. 1916-இல் அவர் ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் வைத்தியசாலையில், உள்ளம் நொந்த ராணுவ உத்தியோகஸ்தர்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

அவரிடம் வந்த ஒருவர், போர்க்களத்தில் தம் நண்பரைத் தேடிச் சென்று, உடல் சிதறிக் கிடந்ததைக் கண்டவர். இரவுதோறும் அக்காட்சியே கனவில் வந்தது. “மறந்துவிடு” என்றே பிறர் அவருக்குப் புத்தி கூறியிருந்தனர். பகலில் எவ்வளவு முயன்று நினைவை அடக்கினாரோ, இரவில் அவ்வளவு கொடுமையாக அது எழுந்தது. ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. உடல் அவ்வாறு சிதறியதே, நண்பர் நெடுநேரம் வேதனைப்படாமல் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என்று எடுத்துக்காட்டினார். சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவில், அவர் நண்பரின் அருகே முழந்தாளிட்டு, உறவினருக்கு அனுப்பவேண்டிய பொருள்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். விழித்தபோது முன்போல் நடுக்கமில்லை. நண்பரை இழந்த துயரத்தால் அமைதியாக அழுதுகொண்டிருந்தார்.

நடுக்கம் துயரமாக மாறியதை நேயர்கள் கவனிக்க. துயரம் போகவில்லை, அது தாங்கக்கூடியதாயிற்று. இதனையே நாம் எதிர்பார்க்கலாம்.

எல்லோருக்கும் இது பலித்ததென்று ரிவர்ஸ் கூறவில்லை. வேறொருவர் கண்டதில் ஆறுதலான அம்சம் ஒன்றையும் அவரால் காட்ட முடியவில்லை. அந்நோயாளிக்கு நாட்டுப்புறத்தின் அமைதியில் முன்பு சுகம் கிட்டியதை அறிந்து, படையை விட்டு அத்தகைய வாழ்வுக்கே திரும்பும்படி ஆலோசனை கூறப்பட்டது. வைத்தியரால் ஆகாததைச் சில வேளை ஒரு கிராமம் செய்யக்கூடும். அந்தக் கிராமம் ஏளனம் செய்யாத கிராமமாக இருக்கவேண்டும்.

5. ஊராரும் சங்கத்தாரும் செய்யத்தக்கவை

(அ) “எத்தனை பேரைச் சுட்டாய்?” என்று வேடிக்கையாகக் கேட்கலாகாது. அவர் தாமே பேசினால், இடைமறியாமல் கேட்கவேண்டும். “மறந்துவிடு” என்பதும், “எல்லாவற்றையும் சொல்” என்று வற்புறுத்துவதும் ஒருங்கே தீங்கு தரும்.

(ஆ) திருவிழாவில் வாணம் விடுமுன் அவர் வீட்டுக்குத் தெரிவிப்பது சிறு காரியம், செலவில்லை.

(இ) தவணை தவறினால், ஜாபிதாவில் எழுதுமுன் பஞ்சாயத்தாரில் ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கவேண்டும். விதிகளுக்கு உட்பட்டுத் தவணையை நீட்டலாம். கடனைத் தள்ளும்படி கூறவில்லை. காரணத்தை அறியும்படியே கூறுகிறோம்.

(ஈ) தனித்திருப்பவருக்குக் கூட்டு வேலை மருந்தாகும். 1945-க்குப் பின் சென்னை மாகாணத்தில், படையிலிருந்து விலகியவர்களுக்கென மோட்டார் போக்குவரத்து ஐக்கிய சங்கங்கள் ஏற்பட்டன. ஒரே அனுபவமுடையவர்கள் சேர்ந்து உழைக்கையில், சொல்லாமலே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் இயல்பு.

(உ) மனைவியும் குழந்தைகளும் இந்நோயின் பாரத்தைச் சுமக்கின்றனர். “பொறுத்துப்போ” என்று அப்பெண்மணிக்கு உபதேசித்துவிட்டுப் போவது போதாது. அடி உதை நேருமிடத்து அவளையும் குழந்தைகளையும் முதலில் காக்கவேண்டும். நோய் காரணமாகலாம், அனுமதி ஆகாது.

(ஊ) பேய் பிடித்ததென்று காலம் கடத்தாமல், அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். பேச்சு முறைச் சிகிச்சையாலும் மருந்தாலும் பலர் குணமடைகின்றனர். உயிரை விடுவதாகப் பேசினால் ஒருகணமும் தனியே விடாமல், அன்றே அழைத்துச் செல்க. உதவித்தொகை முதலியவற்றுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

முதலிற் கூறிய அங்கத்தினருக்குத் தவணை நீட்டப்பட்டது. பஞ்சாயத்தாரில் வயது முதிர்ந்த ஒருவர் நாள்தோறும் மாலையில் அவர் கிணற்றடிக்குச் சென்று, ஒன்றும் கேளாமல், உடன் அமர்ந்திருந்தார். மூன்றாம் மாதத்தில் அவரே அந்த நண்பரின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினாராம். ஆஸ்பத்திரிக்கும் சென்றுவந்தார். இன்றும் சில இரவுகள் விழித்தெழுகிறார். கடன் பாக்கியில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. எனது பழைய குறிப்பு அந்த ஜாபிதாவில் இன்னும் இருக்கிறது. அதனடியில் திருத்தம் எழுதியுள்ளேன். ஆயினும் முதலில் எழுதியது அழியவில்லை.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் படையிலிருந்து திரும்பியவர்கள் எத்தனை பேர்? கடந்த மாதத்தில் அவர்களுள் எவருடன் நீங்கள் உட்கார்ந்து பேசினீர்கள்?
2. உங்கள் சங்கத்தில் தவணை தவறியவர் ஒவ்வொருவரின் காரணமும் விசாரித்து எழுதப்பட்டுள்ளதா?
3. “மறந்துவிடு” என்ற புத்திமதி ஏன் பயன்படுவதில்லை?
4. அடுத்த திருவிழாவுக்கு முன் உங்கள் பஞ்சாயத்து செய்யக்கூடிய ஒரு சிறு ஏற்பாடு யாது?