மின்சாரமும் சட்டமும்

மின்சாரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பௌதிக மாணவன் மின்னோட்டம், மின்னழுத்தம், தடை என்று தொடங்குவான். நானும் அப்படித்தான் தொடங்கியிருப்பேன். ஆனால் சென்ற பருவத்தில் தில்லியில் மின்சாரச் சட்ட வல்லுநர்களும் ஒழுங்குமுறை ஆணையங்களின் அலுவலர்களும் கூடிய ஒரு வட்டார மாநாட்டில், இரண்டு நாள் தொண்டனாக நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பெயர்ச்சீட்டுகளை எடுத்துக் கொடுப்பதும், ஒலிபெருக்கியை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றுவதுமே என் வேலை. அங்கே காதில் விழுந்தவற்றுள், தலைநகரில் அறை எடுத்து வாழும் நமக்குத் தேவையானவற்றை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதல் நாள் காலை வழக்கறிஞர் ஒருவர், “49.90 முதல் 50.05 வரை” என்று சொன்னார். நான் நிமிர்ந்து நின்றேன். அது எங்கள் சோதனைச்சாலைப் பேச்சு அல்லவா! அதிர்வெண்ணின் எல்லை, சட்ட வல்லுநர் வாயில் எப்படி வந்தது?

காரணம் இதுதான். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெருமளவில் சேர்த்து வைப்பது இன்றும் எளிதன்று. எந்த நொடியில் எவ்வளவு வேண்டுமோ, அந்த நொடியில் அவ்வளவு பிறந்தாக வேண்டும். நாடெங்கும் சுழலும் மின்னாக்கிகள் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 அலை என்னும் கணக்கில் ஓடுகின்றன. மக்கள் எடுப்பது மிகுந்து, பிறப்பது குறைந்தால், அந்தக் குறை எங்கிருந்து நிரம்பும்? சுழலும் உருளைகளின் இயக்க ஆற்றலிலிருந்து நிரம்பும். ஆகவே சுழற்சி தளரும். 50 என்பது 49.8 ஆகும், 49.5 ஆகும். ஒரு மாநிலம் தன் பங்குக்கு மேல் எடுத்தால், அதன் விளைவு அந்த மாநிலத்தில் மட்டும் தெரிவதில்லை. இணைந்துள்ள எல்லாருடைய மின்னாக்கியும் ஒருங்கே தளர்கிறது. ஒருவர் செய்வது எல்லாரையும் தொடும் இடத்தில் சட்டம் நுழைவது இயல்புதானே. மத்திய ஆணையத்தின் விதித்தொகுப்பு, 49.90 முதல் 50.05 வரை என்று வரம்பு கட்டியது இதற்காகவே.

தேநீர் இடைவேளையில் முதியவர் ஒருவர் என் பெயர்ச்சீட்டைப் பார்த்து, “தம்பி, எந்த ஊர்?” என்றார். தென் வட்டார மின்கட்டமைப்பைப் பெங்களூரிலிருந்து கண்காணிக்கும் நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் அவர். சொற்பொழிவுகளை விட அவரிடம் கற்றதே மிகுதி.

“அந்தக் காலத்தில் அதிர்வெண் 49க்கும் கீழே இறங்கும். ஒவ்வொரு மாநிலத்தையும் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘கொஞ்சம் குறையுங்கள் ஐயா’ என்று கெஞ்சுவோம், அதட்டுவோம். ஆகட்டும் என்பார்கள், குறைக்க மாட்டார்கள். 2003 ஜனவரியில் விலை வைத்தார்கள் தம்பி. அதன் பிறகு அவர்களே மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்” என்றார்.

அந்த விலைமுறை நம் போன்ற மாணவர் அவசியம் கற்க வேண்டிய ஒன்று. நாளை 15 நிமிடக் கூறுகளாக, 96 ஆகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூறிலும் ஒரு மாநிலம் எடுக்க வேண்டிய அளவு முன்கூட்டியே குறிக்கப்படும். அதற்கு மேல் எடுத்தால் தனி விலை. அந்த விலை அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண் 50.5ஐ எட்டினால் விலை சுழி. தாழத் தாழ விலை ஏறும். பற்றாக்குறை நேரத்தில் மிகுதியாக எடுப்பவன் பணம் கட்டுவான்; தன் பங்கைக் குறைத்துக்கொள்பவன் பணம் பெறுவான். நீதிமன்றம் ஏறாமலே, சுவரில் செருகிய கருவி காட்டும் எண்ணே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது! 2014 முதல் இந்த முறை வேறு பெயரில், மேலும் இறுக்கமான விதிகளோடு நடக்கிறது. இருப்பினும் சட்டமும் பௌதிகமும் கைகோத்த இடம் இதைப்போல வேறொன்று உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

விதி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு 2012 சான்று. ஜூலை 30ஆம் நாள் பின்னிரவில் பீனா–குவாலியர் மின்தொடர் அறுபட, வட வட்டாரம் முழுதும் இருண்டது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து இருண்டன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் அந்த வட்டாரங்களில் வாழ்ந்தார்கள். தெற்கு தப்பியது, ஏனெனில் அது அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அன்று மகிழவில்லை. எனக்குப் பத்து வயது. அந்த ஆண்டு சென்னைக்கு வெளியே பாதி நாள் மின்வெட்டு. அம்மா விசிறியால் வீச, நான் அரிக்கேன் விளக்கில் பாடம் எழுதினேன். வடக்கே மின்சாரம் மிகுந்திருந்த நேரத்திலும் அதைத் தெற்கே கொண்டுவரப் போதிய வழி இல்லை என்பதை நான் அறிந்தது, முதியவர் சொல்லித்தான். 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் வழியே தெற்கும் இணைந்தது. அன்று முதல்தான் நாடு முழுவதும் ஒரே தாளம்.

சட்டத்தின் வரலாற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1910இல் ஒரு சட்டம். 1948இல் மாநில மின்வாரியங்களைத் தோற்றுவித்த சட்டம். சென்னை மாநிலத்தின் வாரியம் 1957இல் பிறந்தது. ஆக்குவதும் அனுப்புவதும் விற்பதும் வாரியமே. விலை யாருக்கு எவ்வளவு என்பதில் அரசின் சொல்லே ஓங்கி நின்றது. 1996இல் ஒரிசா மாநிலம் முதன்முதலாகத் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. 1998இல் மத்திய ஆணையம் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. இன்று விலையைத் தீர்மானிப்பது ஆணையம். அரசு யாருக்கேனும் சலுகை தர விரும்பினால் தரலாம். ஆனால் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. ஆணையத்தில் சட்டம் அறிந்த ஒருவர் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சொன்னபோது வழக்கறிஞர்கள் கைதட்டினார்கள். பொறியாளர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள்.

இரண்டாம் நாள் காரசாரமான பேச்சு, “ஒழுங்குமுறைச் சொத்து” என்பதைப் பற்றியது. சொத்து என்றதும் மகிழ வேண்டாம், அது கடன். கம்பெனிக்கு நூறு ரூபாய் செலவு நியாயம் என்று ஆணையமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த ஆண்டு எண்பதுதான் மக்களிடம் வாங்கலாம், மீதி பின்னால் பார்ப்போம் என்கிறது. அந்த இருபது வட்டியோடு வளர்கிறது. தில்லியின் மூன்று விநியோகக் கம்பெனிகளுக்கும் சேர்த்து இது 2024 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 27,200 கோடி ரூபாய். இதை இப்படியே வளர விடக்கூடாது என்று 2025 ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, தீர்ப்பதற்குக் காலக்கெடுவும் வைத்தது. கட்டணம் ஏறவில்லை என்று நமக்கு முன் இங்கே படித்துச் சென்றவர்கள் மகிழ்ந்தார்களே, அந்த மகிழ்ச்சியின் விலைச்சீட்டு நம் கையில் வந்து சேரும். அவர்கள் இப்போது எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு என் சொந்த ஐயம் ஒன்று எழுந்தது. நானும் இரு நண்பர்களும் இருக்கும் அறையில், வீட்டுக்காரர் தாமே ஒரு துணை மீட்டர் வைத்து அலகுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். ஆணையத்தின் 2021 கட்டண ஆணையில், வீடுகளுக்கு 200 அலகு வரை அலகுக்கு 3 ரூபாய். நிலைக்கட்டணமும் கூடுதல் கட்டணமும் சேரும் என்றாலும், பத்துக்கு எட்டாது. ஒலிபெருக்கி என் கையில்தானே இருந்தது! தொண்டன் கேட்கலாமா என்று தயங்கி, கேட்டேவிட்டேன்.

மேடையில் இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. 43ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னார். மின் இணைப்புக் கேட்கும் உரிமை வீட்டின் உரிமையாளருக்கு மட்டும் அன்று, குடியிருப்பவருக்கும் உண்டு என்று அது சொல்கிறது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளை 2024இல் திருத்தியபோது, பெருநகரங்களில் முழுமையான விண்ணப்பம் வந்த மூன்று நாளில் இணைப்புத் தர வேண்டும் என்றும் குறுக்கினார்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு. அதற்கு மேல் குறைகேள் அலுவலர் உண்டு. கட்டணத்தை மாற்றக் கம்பெனி விண்ணப்பித்தால் அதை வெளியிட்டு, பொதுமக்கள் தரும் கருத்துகளையும் மறுப்புகளையும் கேட்ட பின்பே ஆணையம் முடிவு செய்ய வேண்டும் என்பது 64ஆம் பிரிவு. பொதுமக்கள் என்றால் நாமும்தான். வாக்காளர் பட்டியலில் இங்கே பெயர் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

மாநாடு முடிந்த வாரமே விண்ணப்பத்தை நிரப்பினோம். குடியிருப்பதற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. மாதம் பிறந்தால் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம், அவ்வளவே. வீட்டுக்காரரிடம் கேட்டோம். “யோசித்துச் சொல்கிறேன்” என்றார். இது எழுதும் நாள்வரை யோசித்துக்கொண்டிருக்கிறார். புதிதாக அறை பார்க்கும் தோழர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தின் படிகள் என்னிடம் சில இருக்கின்றன.